நாலு கழித்து

அக்கா வீட்டுப் பூனைகள் இடம் மாறிவிட்டன. சமையலறை அடுப்புக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிற ஐந்தும், காலைப் பனி இறங்கத் தொடங்கிய வாரத்தில், சொல்லி வைத்தாற்போலக் கொட்டகைக்குப் போய்ப் புதுப் புல்கட்டுகளின் மேல் படுத்துக்கொண்டன. எதற்கு அந்தக் குளிரில் போய்ப் படுக்கின்றன என்று அக்கா பின்னாலேயே ஏறிப் பார்த்தாள். கட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை அப்படியே கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு இறங்கி வந்து தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி அப்போது மெஷினுக்கு அடியில் படுத்து மசகு போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குப் பேலர்காரர் என்றுதான் பெயர். வாரிப் போட்ட காய்ந்த புல்லை அள்ளி, அழுத்தி, கயிறு சுற்றிக் கட்டாகத் தள்ளுகிற மெஷின் சுற்றுவட்டாரத்தில் மூன்று பேரிடம் இருந்தது. அதில் ஈரம் காட்டும் மீட்டர் பொருத்தியது அவருடையது மட்டும். புதுப் புல் என்றால் ஒரு வாரம் வேர்க்கத்தான் செய்யும், எல்லார் வீட்டிலும் வேர்க்கும், அப்புறம் தானாக ஆறிவிடும் என்று அவர் அக்காவிடம் சொன்னார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"பதினோரு நாள் ஆச்சுடா" என்றாள் அக்கா.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அரை மணி நேரப் பாதை. இருபுறமும் அறுத்து முடித்த வயல்கள். போகிற வழியெல்லாம் அவர் அத்தானுடைய வயலில் கட்டின அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டு போனார். நினைக்கக் கூடாது என்று நினைத்தார். அது வேலைக்கு ஆகவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் மழை வந்துவிடும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அத்தான் ஒரு கைப்பிடிப் புல்லை எடுத்துக் கயிறு முறுக்குவதுபோல முறுக்கினார். நன்றாகக் காய்ந்த புல் என்றால் மூன்றாம் முறுக்கில் படபடவென்று ஒடியும். இது ஒடியவில்லை. ஒரு தண்டை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"தோல் உரியுது மாப்ள. இன்னும் ஒரு நாள் கிடக்கட்டுமா?"

கயிறு போடவும் கட்டு தூக்கவும் வந்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் அங்கே நின்றார்கள். பேலர்காரர் டிராக்டரிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"உங்க கை எத்தனை பர்சென்ட் காட்டுது அத்தான்?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். சிரித்துவிட்டு அந்தக் கைப்பிடிப் புல்லை, ஏதோ அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டதுபோல, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

டிராக்டர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் இருபத்துமூன்று, இருபத்துநாலு என்று எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நூறு பங்கு புல்லில் எத்தனை பங்கு தண்ணீர் என்பது அந்தக் கணக்கு. இருபதுக்கு மேல் போனால் கட்டக் கூடாது. பேலர்காரர் உரக்கச் சொன்னார்: "பத்தொன்பது. கட்டலாம்."

அவர் ஏமாற்றவில்லை. அது அவருடைய நாலு.

மீட்டர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதன் குணத்தை அவர் பொறுமையாகப் படித்து வைத்திருந்தார். புல்லை அழுத்துகிற பெட்டிக்குள் எதிரும் புதிருமாக இரண்டு தகடுகள் இருக்கும். நடுவில் புல் போகும்போது அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடும். ஈரம் இருந்தால் நன்றாக ஓடும், காய்ந்திருந்தால் திணறும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அதற்கு ஆயிரம் சிணுக்கம். காலையில் இலை மேல் பனி மட்டும் இருந்தாலும் உள்ளே தண்டு வரைக்கும் நனைந்த மாதிரி கத்தும். வெயில் உச்சிக்கு வந்து புல் சூடேறியிருந்தால் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்லும். கட்டு தளர்வாக விழுந்தால் குறைத்துச் சொல்லும், இறுக்கினால் ஏறும். வயலின் தாழ்ந்த மூலையில் வரிசை தடித்திருக்கிற இடத்தில் ஒரே தாவாகத் தாவும். "மாமியார் மாதிரி. சொல்றதை எல்லாம் அப்படியே எடுத்துக்கக் கூடாது, எதுக்குச் சொல்றாங்கன்னு பாக்கணும்" என்பார் வயல்காரர்களிடம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மெஷினில் மருந்து தெளிக்கிற தொட்டி ஒன்றும் வைத்தார். கொஞ்சம் ஈரமாகக் கட்டினாலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிற மருந்து. புளிப்பு வாடை, உப்புக் குணம். அதைத் தெளிக்கத் தொடங்கிய பிறகு மீட்டர் எப்போதும் கூடுதலாகவே காட்டியது. அவர் விடவில்லை. மனைவியின் சமையல் தராசில் நூறு கிராம் புல்லை நிறுத்து, அவளுடைய ரொட்டி சுடும் அடுப்பில் வைத்து உலர்த்தி, மறுபடி நிறுத்து, மறுபடி உலர்த்தி, எடை இறங்குவது நிற்கிற வரைக்கும் பார்த்தார். மீட்டர் இருபத்திரண்டு என்ற புல்லில் தண்ணீர் பதினெட்டுதான் இருந்தது. மூன்று முறை செய்தார்; மூன்று முறையும் நாலு. வீடு ஒரு வாரத்துக்குத் தொழுவம்போல மணத்தது. மனைவி ரொட்டியைக் கடித்துவிட்டு மாடு அசை போடுகிற மாதிரி மென்று காட்டினாள். அவர் கவலைப்படவில்லை. மருந்து தகட்டில் படிந்து போயிருக்கிறது, அதனால்தான் நாலு கூடுகிறது என்று கண்டுபிடித்தது அவரே. அதிலிருந்து கண் எண்ணைப் பார்க்கும், வாய் நாலு கழித்துச் சொல்லும். அத்தானுக்கு மருந்து வாடை பிடிக்காது, மாடுகளுக்கும் பிடிக்காது என்பார். அதனால் அத்தானுடைய வயலில் தெளிப்பதில்லை. படிந்தது படிந்ததுதானே. அங்கேயும் நாலு.

கொட்டகை நீளமானது, தகரக் கூரை. ஒரு பாதியில் இருபத்திரண்டு மாடுகள். மறு பாதியில் கூரை வரைக்கும் கட்டுகள். நடுவில் பலகைத் தடுப்பு மட்டும். அத்தான் கீழே நின்றார். பேலர்காரர் ஏறினார். பூனைகள் எழுந்திருக்காமல் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தன. இரண்டு கட்டுகளுக்கு நடுவில் இருந்த சந்தில் கையைவிட்டார். முழங்கை வரைக்கும் போனதும், காய்ச்சல்காரனின் அக்குளுக்குள் கை வைத்த மாதிரி இருந்தது. ஈரமான, உயிருள்ள சூடு.

அவர் கையை எடுக்காமல் மேலே பார்த்தார். தகரத்தில் ஆணி கழன்ற இடத்தில் ஒரு ஓட்டை. வெளிச்சம் பொட்டு வைத்த மாதிரி தெரிந்தது. அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தார். அது மற்றதைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

"என்ன மாப்ள?" என்றார் அத்தான் கீழிருந்து.

"கூரையில ஓட்டை இருக்கு அத்தான். அன்னைக்குப் பேஞ்ச மழை உள்ள இறங்கியிருக்கு."

வாயிலிருந்து அது அவரைக் கேட்காமலே வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு வருஷமா அந்த ஆணியைப் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். "அடிக்கணும், அடிக்கணும்னு." பிறகு வாசலில் நின்ற அக்காவின் பக்கம் திரும்பினார். "உன் தம்பி ஒழுங்காத்தான் கட்டிக் குடுத்தான். நான்தான் நனைய விட்டுட்டேன்."

பேலர்காரர் இறங்குவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மெஷினுக்குப் போனார். முற்றத்து ஓரத்தில் பாதி காய்ந்து கிடந்த புல்லில் நாலைந்து அணைப்பு எடுத்துப் பெட்டிக்குள் போட்டு அழுத்தினார். திரையில் இருபத்திரண்டு. அதே புல்லை வெளியே இழுத்துக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, நூறு கிராம் நிறுத்து, சமையலறை அடுப்பில் வைத்தார். மனைவி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். மறுபடியும் அடுப்பா என்று மட்டும் கேட்டாள்.

அவர் அடுப்பு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். எடுத்தார், நிறுத்தார், வைத்தார். எண்பத்தைந்து. எண்பத்தொன்று. எண்பத்திரண்டில் நின்றிருக்க வேண்டியது. எழுபத்தொன்பது. எழுபத்தெட்டில் வந்து நின்றது. இன்னும் இரண்டு முறை வைத்து எடுத்தார். எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு.

மீட்டர் சொன்னது சரி. இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டு.

வெளியே போய் விளக்கடித்துப் பெட்டிக்குள் பார்த்தார். இரண்டு தகடுகளும் புதுத் தட்டு மாதிரி பளபளத்தன. உள்ளே வந்து, தகடு சுத்தமாக இருக்கிறதே என்றார்.

"நான்தான் சுரண்டினேன்" என்றாள் மனைவி. அந்த மெஷினுக்குக் கயிறு கோப்பது, முடிச்சுப் போடுகிற கொக்கியைத் துடைப்பது, எல்லாம் அவள் கைதான். "சொன்னேனே."

"எப்ப?"

"போன மாசம் மூணு நாள் விடாம மழை பேஞ்சுச்சே, அப்ப. நீங்க இந்த மேஜையிலதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. தகட்டுல பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு, வெந்நீர் ஊத்திச் சுரண்டிட்டேன், இனிமே உங்க நாலு மாறுமான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ம்-ன்னீங்க."

அவருக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் அவரை அடித்தது. இருபத்தொரு வருஷமாக அந்த மேஜையில் அவள் பேசியிருக்கிறாள், அவர் ம் என்றிருக்கிறார். அவற்றில் எத்தனையில் என்னென்ன போயிற்றோ. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எதற்குக் கூப்பிட்டாள் என்று கேட்டாள்.

"கூரை ஒழுகுது" என்றார்.

"கூரையா" என்றாள் அவள். கேள்வியாக இல்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். தராசை எடுத்துத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். அவர் தானாகச் சொல்வதற்கு அவள் விட்ட நேரம் அது என்பது அவருக்குத் தெரிந்தது. கிழங்கு வெந்தது, இருவரும் சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவி ஆயிற்று. அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார். வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தார்: அத்தான், ஒரு விஷயம், கோபப்படாம கேளுங்க. கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தியபோது அத்தான் ஏணியின் நடுவில் நின்றார். இடுப்பில் ஆணிப் பை. ஒரு கையில் தார் டப்பா. வயது அறுபத்தாறு, இடது முழங்கால் மடங்காது.

"நல்ல நேரத்துல வந்த மாப்ள. தரை வழுக்குது. ஏணியைப் பிடி."

அவர் பிடித்தார்.

மூன்று மணி நேரம் பிடித்தார். அத்தான் ஒரு ஓட்டையோடு நிறுத்தவில்லை; ஏறினது ஏறினோம் என்று அந்தப் பக்கத்துத் தகரம் முழுக்கத் தட்டிப் பார்த்து, தளர்ந்த ஆணியைப் பிடுங்கி, புது ஆணி அடித்து, தலையில் தார் வைத்தார். ஏணியை நகர்த்த வேண்டிய ஒவ்வொரு முறையும் இறங்கினார், நகர்த்தினார்கள், ஏறினார். பேலர்காரரின் கண்ணுக்கு நேராக அத்தானுடைய கால் இருந்தது. வேலை பார்க்கிற பூட்ஸ், குதிகால் தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்தது. மேல்படியில் எட்டி அடிக்கும்போது அந்தக் கெண்டைக்கால் நடுங்கியது. நடுக்கம் ஏணி வழியாக அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு முறை சுத்தியல் நிற்கும்போதும் அவர் வாயைத் திறந்தார். சுத்தியல் மறுபடி அடித்தது. அடுத்த தடவை நிற்கட்டும் என்று இருந்தார். உயரத்தில் நிற்கிற மனிதனிடம் திடுக்கிடுகிற மாதிரி எதையும் சொல்லக் கூடாது என்று ஒரு காரணம் கிடைத்தது. அது நல்ல காரணமாகத்தான் இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அதே காரணம், அத்தான் இறங்கி ஏணியை நகர்த்தும்போது ஏன் பொருந்தவில்லை என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆணி" என்றால் ஆணி கொடுத்தார். "தார்" என்றால் தார் கொடுத்தார்.

மதியம் அக்கா சூப் வைத்திருந்தாள். கிழங்கும் வெங்காயமும் போட்டது. ரொட்டியைத் தடியாக அறுத்து வைத்திருந்தாள். அத்தானுக்குக் கை விரல்கள் விறைத்து ஸ்பூனைப் பிடிக்க வரவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தம்பி காலை முழுக்கக் குளிரில் நின்றானே என்று அக்கா அவருடைய கிண்ணத்தில் இரண்டாம் தடவை ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் கிளறிக்கொண்டிருந்தார். அத்தான் நல்ல மனநிலையில் இருந்தார்.

"இனிமே மேல இருந்து ஒரு சொட்டு இறங்கட்டும் பாப்போம்" என்றார். "இறங்கினா உன் மீட்டரைக் கூரையில மாட்டிடு."

அக்கா சிரித்தாள். அப்போதுதான் சொன்னாள், பூனைகள்கூட வீட்டுக்கே திரும்பிவிட்டன என்று. அடுப்புக்குப் பின்னால் காட்டினாள். ஐந்தும் பழையபடி ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு கிடந்தன.

"பாத்தியா, ஆறிடுச்சு" என்றார் அத்தான். "கட்டுல சூடு இருந்தா அதுங்க ஏன் வருது?"

பேலர்காரர் பூனைகளைப் பார்த்தார். அதில் ஒன்று உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கித் தரையில் வைத்தது, மறுபடி தூக்கி நக்கியது. அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போனார். கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த நீளமான இரும்புக் கம்பியை எடுத்து, அடுக்கின் நடுவில் பார்த்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து உள்ளே செலுத்தினார். பத்து நிமிஷம் அங்கேயே நின்றார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாடுகள் அசை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கம்பியை வெளியே இழுத்து முனையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டார். உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்தது.

பூனைகள் வந்தது ஆறியதால் இல்லை. படுக்க முடியாத அளவுக்குச் சுட்டதால் வந்திருந்தன.

திரும்பியபோது அத்தானும் அக்காவும் வாசலில் நின்றார்கள். கம்பி விழுந்த சத்தத்துக்கு வந்திருக்க வேண்டும். அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் அவர் நினைவுக்கு வரவில்லை.

"கூரையில ஒண்ணும் இல்ல அத்தான்" என்றார். "நான் ஈரமா கட்டிட்டேன். உள்ள எரியப் போவுது. மாடுங்களை வெளியில ஓட்டணும்."

நாலு கழிக்கிற கதையைச் சொன்னார். தகட்டைச் சுரண்டியதைச் சொன்னார். மனைவி அப்போதே சொல்லியும் தான்தான் காதில் வாங்கவில்லை என்பதையும் சொன்னார். அதை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அன்றைக்கு மீட்டர் உண்மையில் எவ்வளவு காட்டியது என்று அத்தான் கேட்டார்.

"இருபத்துநாலு. கீழ மூலையில இருபத்தாறு."

அத்தான் தன் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"அப்ப காலையில ஏணியைப் பிடிச்சப்ப?"

"தெரியும் அத்தான்."

ஏதாவது சொல்வார் என்று பேலர்காரர் நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும். ஒரு அறை விட்டால்கூட வாங்கிக்கொள்ளலாம். அத்தான் தலையை ஆட்டினார். ஏதோ ஒரு அளவு கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி. பிறகு மாடுகளை அவிழ்க்கப் போனார்.

தீயணைப்பு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இருபத்திரண்டு மாடுகளும் குளிர்ந்த வயலில் போய் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கட்டுகளை அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, உள்ளே காற்றுப் பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்று தீயணைப்புக்காரர் சொன்னார். குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறக்கினார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். அன்று வயலில் நின்று சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். மேல் வரிசைகள் கை வைக்க முடியாமல் சுட்டாலும் பச்சையாகவே இருந்தன. பிரித்தால் உள்ளே சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. அடுத்த வரிசைகள் புகையிலை நிறம். அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது, வாணலியில் சர்க்கரை உருகுகிற மாதிரி. பசியைத் தூண்டுகிற வாசனை. நடு அடுக்கில் ஏழு கட்டுகள் கரியாகி இருந்தன. தூக்கும்போதே கயிறு அறுந்து உதிர்ந்தன. வெளிக்காற்றுப் பட்டதும் அவற்றின் ஓரத்தில் சிவப்பு ஓடியது, தண்ணீர் அடித்தார்கள், சீறியது. இன்னொரு இரவு விட்டிருந்தால் கொட்டகை மிஞ்சியிருக்காது என்றார் தீயணைப்புக்காரர். யாரிடம் என்று இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

வந்தவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பேலர்காரர் வாயைத் திறப்பதற்குள் அத்தான் பதில் சொன்னார், மழைக்குப் பயந்து அவசரப்பட்டுக் கட்டிவிட்டோம் என்று. கட்டிவிட்டோம் என்றார். இரண்டாம் ஆள் கேட்டபோதும் அப்படியே சொன்னார். மூன்றாவது ஆள் வந்தபோது பேலர்காரர் கையில் இருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டு முன்னால் போனார்.

"அவர் வேணாம்னுதான் சொன்னார். தண்டைக் கீறிக் காமிச்சார். நான்தான் கேலி பண்ணிட்டுக் கட்டினேன்."

அந்த ஆளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சரி, சரி, வேலையைப் பார்ப்போம் என்றார்.

கடைசிக் கட்டு வெளியே வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆயிரத்து இருநூறு கட்டு வயல் முழுக்க ஈரமாகப் புகைந்துகொண்டு கிடந்தது. குளிர்காலம் முழுவதற்கும் மாடுகளுக்கு இருந்த தீனி அது. கொட்டகை காலியாக, பெரிதாக நின்றது. புதிதாகத் தார் வைத்த ஆணித் தலைகள் உள்ளிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. தன் வயலில் இருக்கிற கட்டு எல்லாவற்றையும் மறுநாள் காலையில் அங்கே கொண்டுவந்து இறக்குவதாகப் பேலர்காரர் சொன்னார். அது பாதிக்குத்தான் வரும் என்பது மூவருக்கும் தெரியும். அத்தான் காதில் விழாதவர்போல மாடுகளிடம் போனார்.

அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். முகமெல்லாம் கரி. இப்போது திட்டப் போகிறாள் என்று நினைத்தார்.

"தகட்டைச் சுரண்டின அப்புறம் வேற எங்க கட்டின?"

அவருக்கு முதலில் புரியவில்லை. நேற்றிலிருந்து அவர் நினைத்ததெல்லாம் இந்தக் கொட்டகை, இந்த அத்தான், இந்த முகம் மட்டும்தான். வெட்கம் வந்த இடத்தோடு நின்றுவிட்டிருந்தது.

"குதிரைக்காரம்மாவுக்கு" என்றார். "உங்களுக்குக் கட்டின மறுவாரம். அங்கயும் மருந்து தெளிக்கல."

"எவ்வளவு காமிச்சுச்சு?"

"இருபத்துமூணு. பத்தொன்பதுன்னு சொன்னேன்."

"அப்ப இங்க ஏன்டா நிக்கிற?" என்றாள் அக்கா.

குதிரைக்காரம்மா தனியாக இருப்பவள். வேறு ஊரிலிருந்து மூன்று குதிரைகளோடு வந்து குடியேறி ஒரு வருஷம்தான் ஆகிறது. புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். மீட்டர் எண்ணைக்கூட அவள் பார்க்கவில்லை, நீங்கள் சொன்னால் சரி என்றுவிட்டாள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது அவருக்குப் பல யோசனைகள் வந்தன. இந்தக் கட்டு மட்டம், இதைவிட நல்லதாக வந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாம். அவள் நன்றிகூடச் சொல்வாள். குதிரைகளுக்கும் ஆபத்து இருக்காது, கொட்டகைக்கும் இருக்காது. யோசிக்க யோசிக்க அது பொய்யே இல்லை போலத் தோன்றத் தொடங்கியது. அப்படித் தோன்றத் தொடங்கியது அவருக்குத் தெரிந்தது. வண்டியை வேகமாக ஓட்டினார்.

வண்டிச் சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் குதிரை தேய்க்கிற பிரஷ்.

"நீங்களே வந்துட்டீங்களா? நானே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்" என்றாள்.

அவர் வாசற்படிக்குக் கீழேயே நின்றார். அவருடைய கை, சட்டை, முகம் எல்லாம் கரியாக இருந்ததை அந்த மங்கலில் அவள் கவனிக்கவில்லை. தகவல் சொல்கிற உற்சாகத்தில் இருந்தாள். புல் அவ்வளவு நன்றாக இருக்கிறதாம். இரண்டு நாளாகக் கொட்டகைக் கதவைத் திறந்தாலே சர்க்கரை காய்ச்சுகிற மாதிரி வாசனை வருகிறதாம். குதிரைகள் மற்றதை விட்டுவிட்டு இதைத்தான் தேடித் தின்கின்றனவாம். அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரிடம், கட்டினால் இவரிடம்தான் கட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம்.

"இப்படி ஒரு வாசனை எப்படிங்க வருது? என்ன பண்றீங்க?"

சிரித்துக்கொண்டே கேட்டாள். உள்ளே எங்கோ ஒரு குதிரை பலகையை உதைத்தது.

"அந்த வாசனை வரக் கூடாதும்மா" என்றார் அவர். "புல்லு உள்ளுக்குள்ள வேகுது. நான் ஈரத்தைக் குறைச்சுச் சொல்லிக் கட்டிட்டேன். தப்பு என்னோடது. முதல்ல குதிரைங்களை வெளியில கொண்டு வந்திடுவோம்."

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. சொன்னது அங்கே போய்ச் சேரவில்லை. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அந்தச் சிரிப்பு போகிற வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.